அம்மாவுக்கு நான்கு சிட்டிங்கில் ஈறுக்குள் சுத்தம் செய்ய வேண்டுமாம். செய்தால் பல் ஆடிவிடும் என்கிறாள் அத்தை

ஐயாறன்:

வணக்கம். அம்மாவுக்கு வயது 57, நாங்கள் இருப்பது திருவையாறு. அவருக்கு வெகு நாளாகச் சர்க்கரை இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரையும் சாப்பிடுகிறார். மதியச் சாப்பாடு முடிந்ததும் வெற்றிலை போடுவார், புகையிலை கிடையாது. பல் தேய்த்துத் துப்பினால் இரத்தம் வருவது அவருக்குப் பழகிப்போன விஷயம். கேட்டால் "எனக்கு அப்படித்தான், வலியா இருக்கிறது?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார். இப்போது கீழ் முன்பல் இரண்டும் நாக்கால் தள்ளினாலே அசைகின்றன.

தஞ்சாவூரில் ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மெல்லிய கம்பி ஒன்றை ஈற்றோரமாக விட்டு எடுத்து எண்களாகச் சொன்னார், உதவியாளர் எழுதிக்கொண்டார். கீழ் முன்பற்களுக்கு 6, 5, 7 என்றும் மற்ற இடங்களில் பெரும்பாலும் 3, 4 என்றும் சீட்டில் இருக்கிறது. எக்ஸ்ரேயும் எடுத்தார். மரத்துப்போகும் ஊசி போட்டு, வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, நான்கு சிட்டிங்கில் ஈறுக்குள் இருக்கும் காரையை, அதாவது பல்லில் கல்போல இறுகிய படிவை, எடுக்க வேண்டும் என்கிறார்.

அம்மா பாதி சம்மதித்த நேரத்தில் அத்தை வந்து கெடுத்துவிட்டாள். அவளுக்குப் பல் கெட்டியாக இருந்ததாம், மிஷின் வைத்துச் சுத்தம் செய்த பிறகுதான் சந்து சந்தாக விழுந்து ஆட ஆரம்பித்ததாம். அம்மா இப்போது "வேண்டவே வேண்டாம், இருக்கிறவரை இருக்கட்டும்" என்கிறார்.

அத்தை சொல்வதில் உண்மை உண்டா? அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன? ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து சுத்தம் செய்யச் சொல்கிறார்களே, அது எல்லாருக்கும் தேவைதானா?

வேப்பங்குச்சி:

தம்பி, எனக்கு வயது 68. பல்லுக்கென்று இதுவரை எவனுக்கும் ஒரு ரூபாய் கொடுத்தவன் இல்லை. காலையில் வேப்பங்குச்சி, இரவில் உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு, அவ்வளவுதான். பொங்கலுக்குக் கரும்பைப் பல்லால்தான் உரிக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வா என்பது வாடிக்கையாளரைக் கையில் வைத்துக்கொள்ளும் தந்திரம். இங்கிலாந்திலேயே ஆராய்ச்சி செய்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்துகொண்டவருக்கும் செய்யாதவருக்கும் ஈற்றில் ஒரு வேறுபாடும் இல்லை என்று முடிவு சொல்லியிருக்கிறார்கள். நான் பத்திரிகையில் படித்தேன். உங்கள் அத்தை அனுபவப்பட்டவள், அவள் பேச்சைக் கேளுங்கள்.

ஈறுக்காரி:

ஐயாறன் தம்பி, நான் மருத்துவர் இல்லை. இரண்டு ஆண்டு டிப்ளமோ படித்த டென்டல் ஹைஜீனிஸ்ட். அப்படிச் சொன்னால் நம் பக்கத்தில் புரிவதில்லை, "கிளீனிங் செய்கிற அக்கா" என்றால் எல்லாருக்கும் புரியும். திருச்சியில் ஈறு சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் வேலை செய்கிறேன். பெரும்பாலான ஊர்களில் இந்த வேலையைப் பல் மருத்துவரே செய்துவிடுவதால் எங்கள் இனம் அரிது. அம்மாவுக்கு இந்தச் சிகிச்சை வேண்டுமா, வேண்டாமா என்ற தீர்ப்பை நான் சொல்ல முடியாது, அது அவர் வாயைப் பார்த்தவர் சொல்ல வேண்டியது. ஆனால் அத்தையின் கதை தினமும் என் காதில் விழுகிற கதை. அதற்குப் பதில் சொல்லாமல் போக மனமில்லை.

எண்களிலிருந்து தொடங்குகிறேன். அவை மில்லிமீட்டர். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் எல்லாருக்குமே சிறு பள்ளம் ஒன்று உண்டு. கோடு போட்ட அந்தக் கம்பியை அதற்குள் மெதுவாக இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம்: கன்னப் பக்கம் மூன்று, நாக்குப் பக்கம் மூன்று. 3 வரை இருந்தால் கவலை இல்லை. 4 என்றால் ஒரு கண் வைக்க வேண்டும். 6, 7 என்றால் ஈறு பல்லைப் பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டது, நடுவில் ஒரு பை விழுந்திருக்கிறது. எந்தப் பிரஷ்ஷும், எந்தக் குச்சியும், எந்த உப்புத் தண்ணீரும் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது. அளந்து, எழுதி, எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டு உங்களிடம் சீட்டையும் கொடுத்திருக்கிறார் என்பதாலேயே அந்த மருத்துவர்மீது எனக்கு நம்பிக்கை வருகிறது. ஒரு கம்பிகூட வாய்க்குள் போகாமல் "ஆழமான கிளீனிங்" என்று விலை சொல்கிற இடத்தில்தான் எழுந்து வர வேண்டும்.

இனி அத்தை. கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கத்தை எப்போதாவது கண்ணாடியில் பார்த்திருக்கிறீர்களா? யாரும் பார்ப்பதில்லை. நாக்குக்கு அடியில் எச்சில் சுரக்கும் குழாய் அங்கேதான் திறக்கிறது. எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து, பல்லில் படிந்த கிருமிப் படலத்தில் ஏறி இறுகிக் காரையாகிறது. மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கமும் அப்படித்தான், கன்னத்துச் சுரப்பியின் குழாய் அங்கே வாய் திறக்கிறது. வருடக்கணக்கில் விட்டால் கீழ் முன்பல் ஆறும் சேர்ந்து பின்னால் ஒரே மதில்போல ஆகிவிடும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சந்து இருந்த சுவடே தெரியாது. மதிலுக்குப் பின்னால் ஈறு அழன்று, அதன் கீழே எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பல் ஆட வேண்டிய நிலைக்கு எப்போதோ வந்துவிட்டது, காரைதான் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறது. வாய்க்கால் கரையில் மண் அரித்துப்போன தென்னை, அடியில் சேர்ந்த குப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கதை அது. குப்பையை வாரியவன்மேல் பழி விழுகிறது.

காரை போனதும் இரண்டு நடக்கும். அடைபட்டிருந்த சந்து திறக்கும். வீங்கியிருந்த ஈறும் வற்றிச் சுருங்கும், அதனால் சந்து இன்னும் பெரிதாகத் தெரியும். நாக்கு போய்த் தடவிப் பார்த்துவிட்டு "ஐயோ, பல்லைத் தேய்த்துவிட்டார்கள்" என்று சொல்லும். கொஞ்ச நாள் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும், அதுவும் குறையும். இதை முன்கூட்டியே சொல்லாமல் மிஷினை எடுக்கிறவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். அத்தைக்கு அப்படி ஒருவர் வாய்த்திருக்க வேண்டும், அவள் கோபத்தில் நியாயம் உண்டு. நான் வேலையைத் தொடங்கும் முன்பே ஆள் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, சிறு கண்ணாடியை உள்ளே பிடித்து அந்த மதிலைக் காட்டிவிடுவேன். பார்த்த பிறகு யாரும் "என் பல்லைத் தேய்த்துவிட்டாய்" என்று சண்டைக்கு வருவதில்லை.

நான்கு சிட்டிங்கில் என்ன நடக்கும் என்றால், முதலில் மிஷின். அதன் முனை விநாடிக்கு இருபத்தைந்தாயிரம் முறைக்கு மேல் அதிர்ந்து காரையை உடைக்கிறது. கூடவே தண்ணீர் பீய்ச்சும், பக்கத்தில் ஒரு குழாய் அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கைக்கருவி. ஈறுக்கு மேலே இருக்கும் காரை மஞ்சள் கலந்த வெள்ளை, எளிதில் பெயரும். ஈறுக்குள் இருப்பது இரத்தம் ஊறிக் கரும்பச்சையாக வேரோடு ஒட்டிக்கிடக்கும். அதைக் கண்ணால் பார்த்து எடுக்க முடியாது, விரல்தான் கண். கருவியின் நுனியை வேரின்மேல் இழுக்கும்போது ஓரிடத்தில் சொரசொரவென்று தட்டும். அதே இடத்தில் மறுபடி இழுத்தால் 'டக்' என்று விடுபடும். அதற்கு அடுத்த இழுப்பு வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கல் கைக்குத் தெரியும்வரை அடுத்த பல்லுக்கு நகரக் கூடாது. ஒரே நாளில் முழு வாயையும் முடிக்கலாம்தான், ஆனால் இரண்டு பக்கமும் மரத்துப்போனால் அம்மா எப்படிச் சாப்பிடுவார்?

சர்க்கரையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாகும். ஈற்றில் அழற்சி இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வருவதும் கடினமாகும். ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று நான்கு மாதத்தில் எச்.பி.ஏ.ஒன்.சி (கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்கு இறங்குவதாக ஆய்வுகள் சொல்கின்றன. சின்ன எண்தான், ஆனால் ஒரு மாத்திரையைக் கூட்டுவதா வேண்டாமா என்று சர்க்கரை மருத்துவர் யோசிக்கிற எல்லையில் இருப்பவருக்கு அது சின்னதில்லை. அம்லோடிபின் இன்னொரு சங்கதி: சிலருக்கு அந்த மாத்திரையால் ஈறு தடித்து வளரும். பல் மருத்துவரிடம் மாத்திரைப் பட்டையையே காட்டுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்றுவதாக இருந்தால் எழுதிக்கொடுத்தவர்தான் மாற்ற வேண்டும்.

வேப்பங்குச்சி ஐயா சொன்ன ஆராய்ச்சி உண்மைதான், 2018இல் வெளியானது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 1,800 பேருக்கு மேல், மூன்று ஆண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை, சுத்தமே இல்லை என்று மூன்று பிரிவு, ஈற்றில் இரத்தம் கசிவதில் வேறுபாடு இல்லை. ஆனால் ஐயா, அந்த ஆய்வில் முற்றிய ஈறு நோய்க்காரர்களைச் சேர்க்கவே இல்லை. 6, 7 என்று பை விழுந்தவர் அதில் கிடையாது. ஆறு மாதக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது என்பதில் நானும் உங்கள் கட்சிதான். அங்கே அரசு வழிகாட்டியே பெரியவர்களுக்கு, ஆளைப் பொறுத்து 3 மாதம் முதல் 24 மாதம் வரை என்றுதான் பல் பரிசோதனைக்கு இடைவெளி வைத்திருக்கிறது. நல்ல ஈறு உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறை காட்டினாலே தாராளம். ஐயாறனின் அம்மாவை, சிகிச்சை முடிந்த பிறகு, தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள்.

கடைசியாக வீட்டு வேலை. நாங்கள் எவ்வளவு சுத்தம் செய்து அனுப்பினாலும் படலம் மறுநாளே மறுபடி படியும். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளர், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்களே. 10 முதல் 21 நாளுக்குள் எல்லாருக்கும் ஈறு சிவந்து வீங்கிவிட்டது. துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போல ஆனதும் சரியாகிவிட்டது. அந்தக் கட்டத்தில் இருப்பவருக்கு வீட்டுப் பிரஷ்ஷே மருந்து. அம்மா அதைத் தாண்டிவிட்டார். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வளராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். மென்மையான பிரஷ், பாதி பல்லிலும் பாதி ஈற்றோரத்திலும் படுமாறு சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன அசைவு. அதோடு சந்துக்குள் விடுகிற குட்டிப் பிரஷ். நூலைவிட இதுதான் அவருக்குச் சரி, ஏனென்றால் சந்து அகலம். அளவை மருத்துவரிடமே கேட்டு வாங்குங்கள்: உள்ளே போகும்போது இலேசாக உரச வேண்டும், திணிக்கவும் கூடாது, தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. முதல் வாரம் இரத்தம் வரும். இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்ப்பதுதான் எல்லாரும் செய்வது, அங்கேதான் கூடுதலாகத் தேய்க்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு எழுதிக்கொடுத்தால் சொன்ன நாளோடு நிறுத்துங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி கெடும்.

பணம் தடையாக இருந்தால் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தஞ்சாவூரிலிருந்து நேரடி பஸ். சென்னையில் உறவினர் இருந்தால் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. காத்திருக்க வேண்டும், மாணவர்கள் கை வைப்பார்கள். ஆனால் மேலே ஒரு பேராசிரியர் வந்து சரிபார்க்காமல் விட மாட்டார்கள்.

மலையகத்தான்:

நான் இலங்கையில் நுவரெலியா பக்கம். ஈறுக்காரி அக்கா லோவின் பெயரைச் சொன்னபடியால் எழுதுகிறேன், அந்த மனிதருக்கும் எங்கள் சனத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1970இல் அவருடைய குழு எங்கள் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பார்த்தது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள், தொடக்கத்தில் 14 முதல் 31 வயது. பிரஷ் கிடையாது, பல் வைத்தியர் கிடையாது. பல்லில் சொத்தை ஏறக்குறைய இல்லை, ஆனால் எல்லாருக்கும் காரை, எல்லாருக்கும் ஈறு அழற்சி. 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். ஒப்பிடுவதற்கு நோர்வேயின் ஒஸ்லோ நகரில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் எடுத்திருந்தார்கள், அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒழுங்கான பல் வைத்தியம்.

முடிவு என்னவென்றால், அதே வாய்ச் சுத்தத்தோடு இருந்த எங்கள் ஆட்களே மூன்றாகப் பிரிந்து போனார்கள். 8 சதவீதம் பேருக்கு நோய் விரைந்து ஓடி, 45 வயதுக்குள் பல் எல்லாம் விழுகிற நிலை. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக. 11 சதவீதம் பேருக்கு ஈறு சிவந்து இருந்ததே தவிர எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டிலேயே இது இருந்தது. தாத்தாவும் அவருடைய தம்பியும் ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பிறந்து, ஒரே ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, ஒரே பையிலிருந்து வெற்றிலை போட்டவர்கள். தாத்தாவுக்கு நடு வயதிலேயே பொக்கை வாய். சின்னத் தாத்தா கடைசி வரை முறுக்கு கடித்தார், தன் தமையனைப் பார்த்து "நீ ஒழுங்காகக் கொப்பளிக்கவில்லை" என்று வேறு சொல்லுவாராம்.

அந்த 480 பேரின் வாயிலிருந்து உலகத்துப் பல் மருத்துவப் புத்தகங்களுக்கு ஒரு அத்தியாயம் கிடைத்தது. அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும், அது வேறு திரிக்கு உரிய பேச்சு.

ஈறுக்காரி:

மலையகத்தான், அந்த ஆய்வை வகுப்பில் எண்களாக மட்டும் படித்தேன். சின்னத் தாத்தாவைப் பற்றி எங்கள் புத்தகத்தில் இல்லை.

வேப்பங்குச்சி ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் அந்தப் பதினொன்றில் ஒருவராக இருக்கலாம். குச்சியைக் குறை சொல்லவில்லை, நுனியை நன்றாக மென்று தூரிகையாக்கித் தேய்த்தால் படலம் போகும். ஆனால் கீழ்ப் பல்லின் பின்பக்கத்துக்கு அதை வளைத்துக் கொண்டுபோவது பெரும்பாடு. உங்களுக்கு வாய்த்த ஈற்றை ஐயாறனின் அம்மாவுக்கு எடுத்துக் கொடுக்க முடியாதே. அவருடைய ஈறு எந்த வகை என்பது ஏற்கெனவே 7 என்று எழுதி வந்துவிட்டது.

வேப்பங்குச்சி:

பதினொன்றோ பன்னிரண்டோ, என் பல் என்னிடம் இருக்கிறது. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன்: அளந்து பார்க்க மட்டும் போனால் என்ன வாங்குவார்கள்? சுத்தம் செய்துகொள்ளத்தான் வேண்டும் என்று உட்காரவைத்துவிட மாட்டார்களே?

ஈறுக்காரி:

ஆலோசனைக் கட்டணம்தான் ஐயா. "அளந்து எண்ணைச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே போங்கள். சொந்தப் பல்லோடு 68 வயதில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் எங்கள் மருத்துவர் காசு வாங்காமலே பார்ப்பார், மாணவர்களுக்கு வேறு காட்டுவார்.

ஐயாறன்:

எல்லாருக்கும் நன்றி. திரியை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். தென்னை இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை, சின்னத் தாத்தா இடத்தில் சிரித்தார். பிறகு குளியலறைக் கண்ணாடியையும் ஒரு கரண்டியின் பின்பக்கத்தையும் வைத்துக் கீழ்ப் பல்லைப் பார்க்க முயன்றார், சரியாகத் தெரியவில்லை என்று என் கைப்பேசியில் படம் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்ததும் அடுத்த வாரம் போகலாம் என்றுவிட்டார். அத்தையிடம் மட்டும் சொல்லக் கூடாதாம்.

இன்னும் சில சந்தேகம். ஊசி போடுவதால் வெறும் வயிற்றோடு போக வேண்டுமா? சர்க்கரை மாத்திரையை அன்று நிறுத்த வேண்டுமா? இதயத்துக்காக ஆஸ்பிரின் சிறிய மாத்திரை ஒன்றும் இருக்கிறது, முதலில் எழுத மறந்துவிட்டேன். அந்த ஆடுகிற இரண்டு பல் தப்பிக்குமா? வெற்றிலையை விட்டாக வேண்டுமா?

ஈறுக்காரி:

வெறும் வயிறு கூடவே கூடாது. காலைச் சாப்பாடும் சர்க்கரை மாத்திரையும் வழக்கம்போல. காலையில் முதல் ஆளாகப் பெயர் கொடுங்கள், காத்திருந்து சர்க்கரை இறங்கி மயக்கம் வருகிற வேலை வேண்டாம். ஆஸ்பிரினைச் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறிய அளவு ஆஸ்பிரினோடு இதைச் செய்வது வழக்கம்தான், கசிவு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பஞ்சு வைத்து அழுத்தினால் நிற்கும்.

ஆடுகிற பல்லைப் பற்றி இப்போதே யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. அழற்சி வற்றியதும் ஆட்டம் ஓரளவு குறைவதுண்டு. தேவைப்பட்டால் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்து ஒட்டிக் கட்டுவார்கள். சிகிச்சை முடிந்து ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி அந்தக் கோடு போட்ட அளவுக் கம்பியால் அளப்பார்கள். 7 என்பது 4ஆக இறங்கியிருந்தால் நிம்மதி, இறங்காத இடத்தில் ஈற்றைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை பற்றிப் பேசுவார்கள். அந்த இரண்டாவது அளவுச் சீட்டையும் கேட்டு வாங்கி முதல் சீட்டோடு பின் போட்டு வையுங்கள்.

வெற்றிலையில் எனக்குப் பகை பாக்கோடுதான். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவே வகைப்படுத்தியிருக்கிறது. பல் சுத்தம் செய்யும்போது கன்னத்தின் உட்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை.

ஊசி போட்ட பக்கம் உணர்வு திரும்ப இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை சூடான காபி கொடுக்காதீர்கள், உதட்டைக் கடித்துக்கொள்வார். மதியத்துக்குத் தயிர் சாதம் போதும், ஊறுகாய் வேண்டாம்.